ஏழாவது புள்ளி

வானத்துக்கே ரிஜெக்ட் ஸ்டிக்கர் ஒட்டிய மனுஷி இந்த உலகத்தில் ஒருத்தர்தான். அவரோடு நான் மூன்று வருஷம் ஒரே ஹாஸ்டலில் இருந்து, ஒரே பாத்ரூம் வாசலில் பக்கெட்டோடு வரிசையில் நின்றிருக்கிறேன். பெயர் ஏழு புள்ளி. அப்பா அம்மா வைத்த பெயர் வேறு. கம்பெனி அடையாள அட்டையில் அது அச்சாகி இருந்தது. ஆனால் ஒரகடம் பக்கம் எங்கள் ஹாஸ்டல் வாசலில் வந்து அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால், வாட்ச்மேனே "அந்தப் பேர்ல இங்க யாரும் இல்லமா" என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

எங்கள் கம்பெனி காருக்கு பிளாஸ்டிக் மூடி செய்தது. காரில் அது எங்கே இருக்கும் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் பேக்கிங்கில் இருந்தேன், அக்கா குவாலிட்டியில். அரை மணிக்கு ஒருமுறை மெஷினிலிருந்து விழும் மூடியில் ஒன்றை எடுத்து அகலத்தை அளந்து, பக்கத்தில் தொங்கும் கட்டம் போட்ட சார்ட்டில் ஒரு புள்ளி வைப்பது அவர் வேலை. சார்ட்டின் நடுவில் ஒரு கோடு, அது சராசரி. மேலே ஒன்றும் கீழே ஒன்றும் சிவப்புக் கோடு, புள்ளி அதைத் தாண்டினால் மூடி குப்பைக்கு. இதற்கு மேல் இன்னொரு விதியும் உண்டு. சிவப்புக் கோட்டைத் தாண்டவே வேண்டாம், தொடர்ந்து ஏழு புள்ளி நடுக்கோட்டுக்கு ஒரே பக்கமாக விழுந்தாலே மெஷினில் ஏதோ மாறிவிட்டது என்று அர்த்தம், லைனை நிறுத்த வேண்டும். இதைப் பெரிய எழுத்தில் சுவரில் மாட்டியிருந்தார்கள். சுவரில் மாட்டியதை யார் செய்கிறார்கள்?

அக்கா செய்தார். ஒரு மாசக் கடைசியில், சரக்கு ஏற்ற லாரி வாசலில் நின்றுகொண்டிருக்கும்போது, ஏழாவது புள்ளியை வைத்துவிட்டு சிவப்பு பட்டனை அமுக்கிவிட்டார். சூப்பர்வைசர் தலையில் கை வைத்துக்கொண்டு ஓடிவந்தார்.

"ஏம்மா, எல்லாம் ஓகே பீஸ்தானே! எதுக்கும்மா லைன நிறுத்துன?"

"ஒவ்வொண்ணும் ஓகேதான் சார். ஏழும் சேந்து ஓகே இல்ல."

"இன்னாமா பேசுற நீ?"

"மெஷின்ல என்னமோ மாறிட்டு சார். என்னன்னு எனக்குத் தெரியாது. மாறிட்டுன்னு மட்டும் தெரியும்."

திறந்து பார்த்தார்கள். அச்சைக் குளிர வைக்கத் தண்ணீர் வரும் குழாயில் பாதி அடைப்பு. இன்னும் ஒரு மணி நேரம் ஓடியிருந்தால் அச்சே பிளந்திருக்கும் என்றார் மெயின்டனன்ஸ்காரர். அன்றிலிருந்து அக்கா ஏழு புள்ளி. முதலில் கிண்டலாகத்தான் வைத்தார்கள், அக்காவோ பட்டம் வாங்கியதுபோல அதை எடுத்துக்கொண்டார்.

ஹாஸ்டலுக்கு வந்தாலும் கை சும்மா இருக்காது. மெஸ்ஸில் இட்லி விழுந்த உடனே பையிலிருந்து ஸ்டீல் ஸ்கேல் வெளியே வரும். "நேத்து முப்பத்தஞ்சு மில்லி, இன்னைக்கு இருபத்தாறு. மாவுல கை வச்சுட்டானுவ, பாத்துக்க" என்பார். கருகிய தோசையின் மேல் ரிஜெக்ட் ஸ்டிக்கரை ஒட்டி, தட்டோடு உள்ளே அனுப்புவார். மெஸ் மாஸ்டர் ஒருநாள் கவனிக்காமல் அதையே திருப்பிப் போட்டு எனக்குக் கொடுத்துவிட்டார். பாதி தின்ற பிறகுதான் சட்னி ஏன் இவ்வளவு வழுக்குகிறது என்று பார்த்தேன்.

அவரைப் பெண் பார்க்க சங்கரன்கோவிலிலிருந்து ஒரு குடும்பம் ஹாஸ்டலுக்கே வந்தது. மாப்பிள்ளை நல்ல சட்டை, நல்ல முகம். நாங்கள் எல்லாரும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். அக்கா உட்கார்ந்தார், முந்தானையைச் சரிசெய்தார், "போன ஏழு ஞாயித்துக்கெழமையும் என்ன செஞ்சீய, வரிசையா சொல்லுங்க" என்றார். பாவம் அந்த மனுஷன், நான்கு வரைக்கும் தாக்குப்பிடித்தார். ஐந்தாவது ஞாயிற்றுக்கிழமையில் வியர்க்க ஆரம்பித்தது. அவருடைய அம்மா காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டார். "ஒரு நாள் பாத்து எப்படிட்டி பாஸ் போட?" என்று எங்களிடம் நியாயம் கேட்டார் அக்கா.

இப்படிப்பட்டவர் கையில் மழை மாட்டியதுதான் இந்தக் கதை.

மழையை அளக்க வாயும் அடியும் ஒரே அகலமுள்ள பாத்திரம் வேண்டுமாம். மெஸ் பாத்திரம் அத்தனையும் தோற்றுப்போனது. ஹாஸ்டல் முழுக்க டிபன் பாக்ஸ் வசூலித்து, கம்பெனியில் வைத்து வெர்னியர் அளவுகோலில் அளக்கலாம் என்று எடுத்துப்போனார். கேட்டில் சோதனை போடும் செக்யூரிட்டி அம்மா பையைத் திறந்தால் பதினோரு காலி டப்பா. "இன்னாமா, உள்ள இன்னா விருந்தா போடறாங்க?" என்று கேட்டு, அரை மணி நேரம் உட்கார வைத்துவிட்டார். கடைசியில் தேறியது ஒரே ஒரு டப்பா, என்னுடையது. அரை அடி உயரம், நேரான சுவர். அன்றிலிருந்து அது மொட்டைமாடிக்குப் போய்விட்டது, என் தயிர்சாதம் பிளாஸ்டிக் கவருக்கு மாறியது.

ஒரு மழை நின்றால் ஒரு புள்ளி. மாடிப்படிச் சுவரில் இரண்டு சார்ட் ஒட்டியிருந்தார். ஒன்றில் ஒவ்வொரு மழையும் எவ்வளவு பெய்தது, இன்னொன்றில் ஒரு மழைக்கும் அடுத்த மழைக்கும் நடுவில் எத்தனை நாள் காய்ந்தது. நான் வருவதற்கு நான்கு வருஷம் முன்பிருந்தே அளந்துகொண்டிருந்தார். அப்போதெல்லாம் வேறு ஒரு பாட்டில், அதை மாஸ்டர் ஊறுகாய்க்கு எடுத்துக்கொண்டாராம். அந்த முதல் வருஷங்களின் கணக்கில்தான் நடுக்கோடு போட்டிருந்தார். நான் பார்க்கும்போது இரண்டு சார்ட்டிலும் புள்ளிகள் மேலே ஏறிக்கொண்டிருந்தன. தூறல் என்று ஒன்று அநேகமாக இல்லாமலே போயிருந்தது. காய்ந்தால் வாரக்கணக்கில் காய்ந்தது, பெய்தால் ஒரேயடியாகக் கொட்டியது.

எனக்கும் வேலை இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தேன். "இன்னாக்கா இது, மொத்தமா கூட்டினா போன வருஷம் அளவுதானே கீது? இதுக்கா இவ்ளோ பேஜார்?"

அக்கா என்னை முறைத்தார். "மூணு நாள் பட்டினி போட்டு, நாலாவது நாள் பன்னெண்டு இட்லிய உன் வாயில திணிக்கேன். மொத்தம் சரிதானேன்னு சிரிப்பியாட்டி?"

சிரித்தேன். அப்போது எல்லாவற்றுக்கும் சிரித்தோம்.

இப்போது எங்கள் மூன்றாம் நம்பர் ரூமைப் பற்றிச் சொல்ல வேண்டும். தரைத்தளத்தின் கடைசி ரூம், எட்டு கட்டில், எட்டுப் பேருமே சி ஷிப்ட். ராத்திரி முழுக்க லைனில் நின்றுவிட்டு காலை ஏழு மணிக்கு வந்து விழுவோம். ஜன்னல் முழுக்கக் கம்பெனி அட்டைப்பெட்டியை டேப் போட்டு ஒட்டியிருப்போம். கதவுக்கு உள்தாழ்ப்பாள், காதில் பஞ்சு, கண்ணில் துப்பட்டா. வாசலில் "சி ஷிப்ட் தூங்குது" என்ற போர்டு தொங்கினால், மதியம் இரண்டு மணிவரை அந்தக் கதவைத் தட்ட ஹாஸ்டலில் யாருக்கும் உரிமை கிடையாது. வார்டனுக்கும் கிடையாது. இது எழுதாத சட்டம். எங்கள் ரூமில் ஜெபா என்று ஒருத்தி, திசையன்விளைக்காரி, எனக்கு உயிர். அவள் மாமா இறந்துபோன செய்தி காலை ஒன்பது மணிக்கு ஆபீஸ் போனுக்கு வந்தது. அன்று பல் வலியால் நான் விழித்திருந்தேன், என்னிடம்தான் சொன்னார்கள். அவள் ஆறு மணி நேரமாவது தூங்கட்டும் என்று ரெண்டு மணிக்குத்தான் சொன்னேன். அழுது முடித்துவிட்டு, "உறங்க விட்டியே, நீ நல்லா இருப்பட்டி" என்றாள். சி ஷிப்ட் பார்த்தவர்களுக்குத்தான் அது புரியும்.

அந்த ரூமைத்தான் காலி செய்யச் சொன்னார் அக்கா. ஹாஸ்டலுக்குப் பின்னால் ஒரு சின்ன ஏரி. அது நிறைந்தால் தண்ணீர் வழிந்தோடும் கால்வாய் இருந்த இடத்தை மண் போட்டு மேடாக்கி, கன்டெய்னர் லாரி நிறுத்தும் யார்டு ஆக்கிவிட்டார்கள். கால்வாய்க்கு மாற்றாக ஒரு பைப் புதைத்திருந்தார்கள், ஒரு ஆள் குனிந்து நுழையலாம், அவ்வளவுதான். யார்டுக்கும் எங்கள் ஜன்னலுக்கும் நடுவே ஒரு காம்பவுண்டு சுவர், ஜன்னலிலிருந்து கை நீட்டினால் தொடலாம். தண்ணீர் கசிந்து வெளியேற அந்தச் சுவரில் ஓட்டைகள் விட்டிருந்தார்கள். பாம்பு வருகிறது என்று நாங்கள் எல்லாரும் சேர்ந்து கத்தி, அவற்றை சிமெண்ட் போட்டு அடைக்க வைத்தோம். நாங்கள்தான்.

அக்கா ஒருநாள் அந்தச் சுவரில் சிவப்பு ரிஜெக்ட் ஸ்டிக்கரை ஒட்டினார். வார்டன் அம்மா நகத்தால் சுரண்டி எடுத்தார்.

"செம்பரம்பாக்கத்துலயே ஷட்டர் தூக்கல, இந்த குட்டைல இன்னாமே வந்துடப் போவுது? உன்னோட பெரிய ரோதனையா கீது."

"செம்பரம்பாக்கம்னா டிவில சொல்லுவான், ஓடிரலாம். இந்த ஏரிக்கு எந்த டிவிக்காரன்மா வருவான்? அந்த எட்டுப் பிள்ளையளயும் மேல மாத்திருங்க. பகல்ல உறங்குத பிள்ளைய. சத்தம் கேக்காது அதுகளுக்கு."

வார்டன் எங்களைத்தான் கேட்டார். மேல் மாடி ரூமில் வெயில் அடிக்கும், அனல் தாங்காது, எங்களுக்கு எங்கள் இருட்டே போதும் என்று எட்டுப் பேரும் ஒரே குரலில் சொன்னோம். ஏசி இல்லாத ஊரில் அதைவிடக் குளிர்ந்த ரூம் கிடையாது. அதிலும் ஜன்னலோர மூலைக் கட்டிலுக்குப் பெரிய கிராக்கி. மாதத்துக்கு ஒருமுறை சீட்டுக் குலுக்கித்தான் அதைக் கொடுப்போம்.

சரி, ரூமை மாற்ற முடியாது, ஆபத்து வந்தால் எழுப்பிவிடலாம் என்று அக்கா தீர்மானித்தார். இங்கிருந்துதான் எங்களுக்கும் அவருக்கும் சண்டை.

முதல் தடவை ஒரு ஆவணி மாதக் காலை பத்து மணி. கதவு இடிபடுகிறது. "எந்திரிங்கட்டி! மேல வாங்கட்டி!" எட்டுப் பேரும் தலையணையைக் கட்டிக்கொண்டு, ஒருத்தி ஒரு கால் செருப்போடு, மொட்டைமாடி ஏறினோம். ஏறி முடிப்பதற்குள் மழை நின்று பளிச்சென்று வெயில் அடித்தது. துணி காயப்போட வந்த மாஸ்டர் எங்கள் கோலத்தைப் பார்த்துவிட்டு வந்த வழியே இறங்கிப் போனார். அக்கா மட்டும் டப்பாவில் ஸ்கேலை விட்டுப் பார்த்து, "நடுக்கோட்டுக்கு மேல வரிசையா இது நாலாவது புள்ளி" என்றார்.

இரண்டாவது தடவையும் அதேதான். கால் மணி நேர மழை. ஆனால் அன்று எங்கள் தூக்கம் போய்விட்டது. அன்று ராத்திரி ஷிப்டில், மூடியின் ஓரப் பிசிறை பிளேடால் சீவும்போது ஜெபா கண்ணயர்ந்துவிட்டாள். இடது ஆள்காட்டி விரலில் நான்கு தையல். திரும்பி வந்தவள் அக்காவிடம் கட்டுப்போட்ட விரலை நீட்டி, "யக்கா, ஒங்க மழை என்னைய கொல்லல. ஒங்க எழுப்புதல்தான் கொல்லும் போல" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அக்கா முகம் செத்துவிட்டது.

அதன் பிறகுதான் கடிதம். இனி எழுப்பமாட்டேன் என்று எழுதி வாங்க வேண்டும் என்றார் வார்டன். எழுதியது நான். ரூமில் நல்லா எழுதத் தெரிந்தவள் நான்தானே. "மூன்றாம் எண் அறையில் உறங்குவோரை, எனது மழை சார்ட்டில் ஏழாவது புள்ளி விழுந்தாலொழிய, பகல் நேரத்தில் எக்காரணம் கொண்டும் எழுப்பமாட்டேன் என்று உறுதியளிக்கிறேன்." ஏழாவது புள்ளி என்ற சாமர்த்தியம் என்னுடையது. மெஸ்ஸில் எல்லார் முன்னாலும் வாசித்தேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள், கைதட்டினார்கள். நான் எழுதி முதன்முதலாகக் கைதட்டு வாங்கியது அந்தக் கடிதத்துக்குத்தான்.

அக்கா சிரிக்கவில்லை. இரண்டு முறை படித்தார். "ஆறுல எழுப்பக் கூடாதாட்டி?"

"ரூல் உங்களுதுதானேக்கா?"

அக்கா ஜெபாவின் விரலைப் பார்த்தார். "சரிதான். ஏழுக்கு முன்னால நிறுத்துனா அது பயம். ஏழுல நிறுத்துனாத்தான் வேலை" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுக்கொடுத்தார். அந்த நேரத்தில் சார்ட்டில் நடுக்கோட்டுக்கு மேல் வரிசையாக ஐந்து புள்ளி இருந்தது. புரட்டாசியில் கொட்டித் தீர்த்த ஒரு மழையில் ஆறாவது விழுந்தது.

அப்புறம் மழையே இல்லை. ஐப்பசி, ஊரே நனைந்து கிடக்க வேண்டிய மாதம். முப்பத்து மூன்று நாள் ஒரு சொட்டு விழவில்லை. போர் தண்ணீர் கலங்கி, பிறகு நின்றுபோய், டேங்கர் லாரி வந்தது. ஆளுக்கு இரண்டு பக்கெட். துணி உடனே காய்கிறது என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம், அது ஒன்றுதான் பாக்கி. அக்கா சாப்பாட்டைக் குறைத்துவிட்டார். மாடிப்படியில் ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல், அதன் வழியாகப் பார்த்தால் வானம் மட்டும்தான் தெரியும். அந்தக் கண்ணாடியில்தான் அவர் அந்த வாரம் சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டினார். படியில் நின்று பார்த்தால் வானத்தின் நடுவிலேயே ஒட்டியதுபோல இருக்கும்.

"யார் மேல கோவம்க்கா உங்களுக்கு?" என்றேன்.

"கோவம் இல்லட்டி. இவ்வளவு நாளு வராதது வரும்போது எப்படி வரும்னு பயமா இருக்கு. கம்பெனில சிவப்பு பட்டன அமுக்குனேன், மெஷின் நின்னுது. இத எங்க அமுக்க?"

முப்பத்து நான்காவது நாள் காலை, நாங்கள் ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் வரும்போதே மழை பிடித்துக்கொண்டது. நனைந்தபடி உள்ளே ஓடினோம். ஜெபா மழையில் கையை நீட்டி, "இன்னைக்கு உறக்கம் அள்ளிட்டுப் போவும்" என்றாள். அந்த மாதம் குலுக்கலில் மூலைக் கட்டில் அவளுக்கு விழுந்திருந்தது. போர்டை மாட்டினோம், தாழ்ப்பாளைப் போட்டோம், பஞ்சை அடைத்துக்கொண்டு விழுந்தோம்.

இனிமேல் நடந்ததை நான் பார்க்கவில்லை. அக்கா சொல்லித் தெரியும். அவருக்கு அன்று மதிய ஷிப்ட். மொட்டைமாடியில் குடையைப் பிடித்துக்கொண்டு டப்பா பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். மழை நின்றால்தான் அளக்க முடியும், அளந்தால்தான் புள்ளி வைக்க முடியும், புள்ளி வைத்தால்தான் எங்களை எழுப்ப முடியும். பதினோரு மணி நெருங்கும்போது டப்பா நிறைந்து வழிய ஆரம்பித்தது.

"நடுக்கோட்டுக்கு மேலதான்னு குருடனுக்கும் தெரியும்" என்று பிறகு ஒருநாள் சொன்னார். "ஆனா எவ்வளவுன்னு தெரியலயே. வழிஞ்சது எவ்வளவுன்னு யாரக் கேக்க? பதினோரு வருஷ சர்வீஸ்ல அளக்காம ஒரு புள்ளி வச்சதில்ல நான். அந்தப் பிள்ள விரலு வேற கண்ணுக்குள்ளயே நிக்கி. கொஞ்சம் விடட்டும், அளந்திருவோம்னு நின்னேன். பதினெட்டு நிமிஷம் நின்னேன்ட்டி."

அப்போது தற்செயலாகக் கைப்பிடிச் சுவருக்கு அப்பால் எட்டிப் பார்த்திருக்கிறார். ஏரி நிறைந்து வழிந்து, யார்டில் கன்டெய்னர் லாரிகளின் சக்கரம் முழுகிவிட்டிருந்தது. காம்பவுண்டு சுவருக்கு அந்தப் பக்கம் மார்பளவு தண்ணீர், இந்தப் பக்கம் கணுக்கால். ஓட்டை அடைத்த சுவர் மொத்தத் தண்ணீரையும் தாங்கிக்கொண்டு நின்றது. அக்கா ஸ்கேலைப் போட்டுவிட்டு ஓடினார்.

கதவோரக் கட்டிலில் நான் படுத்திருந்தேன். சத்தம் கேட்கவில்லை, கட்டில் அதிர்ந்தது. பஞ்சை எடுத்தேன். வெளியே அக்கா குரல். எனக்கு வந்த கோபம் இருக்கிறதே!

"கையெழுத்து போட்டு குடுத்தீங்களேக்கா!" என்று படுத்தபடியே கத்தினேன்.

"கதவத் தொற!"

"ஏழு ஆச்சா?"

கதவை இடித்த கை நின்றது.

"ஆச்சுட்டி. ஏழு ஆச்சு. தொற!"

அக்கா தன் வாழ்க்கையில் அளக்காமல் வைத்த ஒரே புள்ளி அது. எனக்கு அது தெரியாது. ஏழு ஆகிவிட்டது என்றால் விதி விதிதானே என்று முணுமுணுத்துக்கொண்டே காலைக் கீழே வைத்தேன், தரையில் தண்ணீர். தாழ்ப்பாளைத் தள்ளினேன். அக்கா என்னை இழுத்து வெளியே வீசிவிட்டு உள்ளே போனார். ஒவ்வொருத்தியாகக் காலைப் பிடித்து இழுத்தார், கன்னத்தில் அறைந்தார். ஆறு பேர் என்னை இடித்துக்கொண்டு வெளியே வந்தார்கள். அக்கா மூலைக்குப் போய்விட்டார். ஜெபா எழுந்து உட்கார்ந்து, காதிலிருந்து பஞ்சை எடுத்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்தேன். அப்போது சுவர் ஜன்னலோடு உள்ளே வந்தது.

அக்காவுக்கு இடது தோள்பட்டை எலும்பு மூன்று இடத்தில் உடைந்தது. ஜெபா போய்விட்டாள். இதை வேறு எப்படிச் சொல்வது என்று எனக்கு இத்தனை வருஷமாகத் தெரியவில்லை.

விசாரணைக்கு ஒரு அதிகாரி வந்தார். நல்ல மனுஷர்தான், குரலைத் தாழ்த்தித்தான் பேசினார். எழுதியதை எங்களுக்குப் படித்துக் காட்டினார். "எதிர்பாராத கனமழை" என்று வந்ததும், தோளில் கட்டோடு உட்கார்ந்திருந்த அக்கா எழுந்துவிட்டார்.

"எதிர்பாராததுன்னு எழுதாதீங்க சார். நான் எதிர்பாத்தேன். சுவத்துல ஒட்டி வச்சு எதிர்பாத்தேன்." மாடிப்படியிலிருந்து சார்ட்டைப் பிய்த்துக்கொண்டு வந்து மேஜையில் விரித்தார். அதன்மேல் கையெழுத்துப் போட்ட அந்தக் கடிதத்தையும் வைத்தார். "பதினெட்டு நிமிஷம் லேட்டு. அத எழுதிக்கிடுங்க. என் பேரப் போட்டு எழுதுங்க."

அதிகாரி இரண்டையும் பார்த்தார். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "போய் ரெஸ்ட் எடுங்கம்மா" என்றார். அந்தக் கடிதம் யார் எழுதியது என்று அவர் கேட்கவில்லை. நான் அக்காவுக்குப் பக்கத்தில்தான் நின்றேன். அதை எழுதிய கை என்னுடையது, என்னுடைய சாமர்த்தியம் அது என்று நானும் சொல்லவில்லை. இன்றைக்குத்தான் சொல்கிறேன். அக்காவிடம் ஒருமுறை சொல்லி அழுதேன். "நீ எழுதாம இருந்தாலும் நான் ஏழுக்குத்தான்ட்டி நின்னிருப்பேன், எனக்கு வேற தெரியாது" என்றார். என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னாரா, உண்மையா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஹாஸ்டலை மூடிவிட்டார்கள். நாங்கள் ஆளுக்கொரு பக்கம் போனோம். நான் கல்யாணமாகிக் குன்றத்தூர் வந்துவிட்டேன். வீடு இரண்டாவது மாடி, வேலை பார்க்கும் ஆபீஸ் மூன்றாவது மாடி. என் கால் நனைய வேண்டுமென்றால் நானே பக்கெட்டைக் கவிழ்த்துக்கொள்ள வேண்டும். அக்கா இன்னும் அந்தப் பக்கமே, வேறு கம்பெனி, வேறு ஹாஸ்டல். அங்கே சி ஷிப்ட் பெண்களை மேல் மாடிக்கு மாற்றும்வரை வார்டனைத் தூங்க விடவில்லை என்று கேள்வி. சார்ட்டும் இருக்கிறது. ஆனால் ஏழு வரைக்கும் காத்திருப்பது மூடிகளுக்கு மட்டும்தான் என்று விதியைத் திருத்திவிட்டார். இட்லிக்கு ஸ்கேல் வைப்பதை நிறுத்திவிட்டார், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மழை இல்லாத நாட்களில் அவரிடமிருந்து போன் வராது. இப்போதெல்லாம் அந்த நாட்கள் ரொம்பத்தான் நீளுகின்றன. மாதக்கணக்கில் சத்தம் இல்லாமல் போய், அக்கா மறந்துவிட்டார் போலிருக்கிறது என்று நினைக்கும்போது ஒருநாள் வானம் இருட்டும். முதல் சொட்டு விழுவதற்குள் எங்கள் ஏழு பேருக்கும் வரிசையாக போன் வரும். போன வாரமும் வந்தது. காலை பதினொன்றேகால் மணி, ஆபீஸ் நிறைய ஆட்கள், நான் கம்ப்யூட்டர் முன்னால்.

"ஏட்டி, முழிச்சிட்டியா?"

பக்கத்து சீட்டுக்காரர் தலையைத் தூக்கிப் பார்த்தார். பட்டப்பகலில் ஆபீஸில் உட்கார்ந்திருப்பவளிடம் யார் இப்படிக் கேட்பார்கள்? நான் ஏழு ஆச்சா என்று கேட்கவில்லை. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றேன்.

"முழிச்சிட்டேன்க்கா" என்றேன்.